ஈறில் இரத்தமா? இனிப்பு நீரையும் சோதித்துப் பாருங்கள்

சித்தியவான் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களிலும் ஒரு பழைய வழக்கம் மாறவில்லை. பல் துலக்கும்போது இரத்தம் வந்தால் 'உடம்புச் சூடு' என்று சொல்லி, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் அப்படி விட்டுவிடக்கூடாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

இரத்தத்தில் சீனி அதிகமாக இருந்தால் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. ஈறின் சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. புண் ஆற நாளாகிறது. பல்லில் படிந்த காரைக்கு அடியில் கிருமி சேர்ந்து, ஈறு பல்லை விட்டு விலகுகிறது. கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. நல்ல பல்கூட ஆடி விழுவது இதனால்தான். நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று 1993இல் ஈறு நோயைக் குறிப்பிட்டார் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ.

பலருக்குத் தெரியாதது இதன் மறுபக்கம். வீங்கிய ஈறிலிருந்து இரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருள்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் சீனி இறங்காதவர்கள் வாயையும் சந்தேகிக்க வேண்டும். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதங்களில் 'ஹெச்பிஏ1சி' அளவு சராசரியாக 0.43 புள்ளி குறைந்ததாக 2022இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. எண் சிறியதுதான், ஆனால் மருந்தோடு சேர்ந்து கிடைக்கும் இந்தக் குறைவு லேசானதல்ல.

வெற்றிலை போடும் பாட்டிமார்களுக்கு இன்னொரு சிக்கல். எச்சிலே சிவப்பாக இருப்பதால் இரத்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. சிகரெட் பிடிப்பவர்களுக்கோ ஈறு நோய் முற்றினாலும் இரத்தம் அதிகம் வராது. வாய் நாற்றம், ஈறு வீக்கம், பல் ஆட்டம், பல்லுக்கிடையே புதிதாக இடைவெளி ஆகியவற்றையும் இவர்கள் கவனிக்க வேண்டும்.

இனிப்பு நீர் சோதனைக்குக் கிளினிக் போகும் நாளிலேயே பல் பரிசோதனைக்கும் கேட்கலாம். பல் சிகிச்சைக்குப் போகும்போது சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது; மருந்து எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சீனி திடீரென இறங்கிவிடக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.