சேரன்மாதேவி குருகுலச் சிக்கல்

சேரன்மாதேவி குருகுலச் சிக்கல் என்பது, திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது குறித்து 1924-25 ஆம் ஆண்டுகளில் எழுந்த சர்ச்சையாகும். பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைப் பெறும் ஒரு கல்வி நிலையம், ஒரு பிரிவினரின் சமய ஆசாரத்தைத் தன் நடைமுறையாக வைத்துக்கொள்ளலாமா என்பதே இதன் மையக் கேள்வி. தமிழ்நாட்டுக் காங்கிரசு பிளவுபடவும் சுயமரியாதை இயக்கம் தோன்றவும் காரணமானவற்றுள் இது ஒன்றாகக் கருதப்படுகிறது.

பின்னணி

கல்வியில் சமயத்தின் இடம் எது என்ற கேள்வி திருநெல்வேலிச் சீமைக்குப் புதியதன்று. 1840களில் கிறித்தவ மதமாற்றங்களை எதிர்த்து இங்கு விபூதி சங்கம் என்ற அமைப்பு இயங்கியது. 1845 இல் கலவரமும் மூண்டது. அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்கலாம் என்று 1846 இல் சென்னை ஆளுநர் டுவீடேல் பிரபு முன்மொழிந்தபோது சென்னை இந்துக்கள் கடுமையாக எதிர்த்து மனு அளித்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் அம்முன்மொழிவை ஏற்கவில்லை. பின்னர் 1854 ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை ஒரு வழி கண்டது. அதன்படி அரசுப் பள்ளிகளில் சமயப் போதனை இராது. தனியார் பள்ளிகளுக்கு, அவை எச்சமயத்தார் நடத்துவனவாயினும், அவற்றின் பொதுக்கல்வியை மட்டும் கணக்கிட்டு மானியம் வழங்கப்படும்.

இந்த மானிய முறையின் கீழ்ப் பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரங்களிலும் மிசனரிப் பள்ளிகள் பெருகின. அரசு சமயத்தில் தலையிடாது. மானியம் பெறும் பள்ளி தன் சமயத்தைக் கற்பிப்பதையும் தடுக்காது. ஆனால் பள்ளிக்கு உள்ளே மாணவர்கள் எப்படி அமர வேண்டும், எப்படி உண்ண வேண்டும் என்பதைப் பற்றி இந்த நடுநிலை எதுவும் சொல்லவில்லை. குருகுலச் சிக்கல் வெடித்தது இந்த இடைவெளியில்தான். அங்கே பணம் கொடுத்தது அரசு அன்று. அரசுக்கு மாற்றாகத் தன்னை முன்னிறுத்திய தேசிய இயக்கம்.

குருகுலம்

வ. வே. சு. ஐயர் (1881-1925) திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தவர். இலண்டனில் சட்டம் பயின்றவர். 1910 முதல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்த புரட்சியாளர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1920 இல் தமிழகம் திரும்பித் தேசபக்தன் இதழின் ஆசிரியராக இருந்தபோது சிறைப்பட்டார். விடுதலைக்குப்பின், 1922 இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தையும் பரத்துவாச ஆசிரமத்தையும் நிறுவினார்.

சேரன்மாதேவி திருநெல்வேலிக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் உள்ளது. ஆங்கில அரசின் பள்ளிகளைப் புறக்கணிக்குமாறு ஒத்துழையாமை இயக்கம் அறைகூவல் விடுத்திருந்த காலம் அது. வெளியே வரும் மாணவர்களுக்குத் தேசியக் கல்வி தேவைப்பட்டது. தாய்மொழிவழிப் பாடம், உடற்பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றைக் கொண்ட குருகுலத்துக்குச் சாதி வேறுபாடின்றி ஆதரவு கிடைத்தது. செட்டிநாட்டு வணிகர்கள் நன்கொடை வழங்கினர். தமிழ்நாடு காங்கிரசுக் குழு ரூ. 10,000 தர இசைந்து, முதல் தவணையாக ரூ. 5,000 கொடுத்தது. ஐயர் பாலபாரதி என்ற இதழையும் இங்கிருந்து நடத்தினார்.

தனிப்பந்தி

குருகுலத்தில் பிராமணச் சிறுவர்கள் சிலர் தனியே உண்கின்றனர், அவர்களுக்குத் தனித் தண்ணீர்ப் பானை உள்ளது என்ற செய்தி 1924 இல் பரவியது. காங்கிரசுத் தலைவர்களுள் ஒருவரான ஓமந்தூர் பெ. இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே பயின்று வந்தார். பிராமணப் பிள்ளைகளுக்கான பானையில் நீர் அருந்தியதற்காக அவர் கண்டிக்கப்பட்டார் என்றும், அவர் வழியாகவே செய்தி வெளிவந்தது என்றும் கூறப்படுகிறது. பெ. வரதராசுலு நாயுடு தமது தமிழ்நாடு இதழில் இதனைத் தொடர்ந்து எழுதினார். ஈ. வெ. இராமசாமி, எஞ்சிய ரூ. 5,000 ஐக் கொடுக்கக் கூடாது என்று வற்புறுத்தினார்.

ஐயர் தரப்பின் விளக்கம் வேறாக இருந்தது. அவர் தாம் எல்லா மாணவர்களுடனும் சேர்ந்தே உண்டார். தனியே உண்டவர்கள் இருவரே. அவர்களைச் சேர்க்கும்போது பெற்றோர் இட்ட நிபந்தனை அது. வாக்குக் கொடுத்தபின் மீற இயலாது என்றார். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெற்றோரின் சமய உணர்வை மதிக்க வேண்டும் என்பதும் நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால் ஒரு மாணவன் சமயப் பாடத்துக்கு வராமல் இருப்பதால் அடுத்தவனுக்கு இழிவு ஏதும் நேர்வதில்லை. இருவர் தனிப்பந்தியில் அமர்ந்தால், அவர்களோடு அமரத் தகாதவர் என்று மற்ற அனைவரும் முத்திரை குத்தப்படுகின்றனர். நாயுடுவும் இராமசாமியும் சுட்டிக்காட்டியது இந்த வேறுபாட்டையே. விவாதம் பெரும்பாலும் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற எல்லைக்குள்ளேயே நடந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். தாழ்த்தப்பட்டோரின் நிலை அதில் மிகக் குறைவாகவே பேசப்பட்டது.

காந்தியின் சமரசம்

1925 மார்ச்சில் காந்தி தென்னகம் வந்தபோது அவரிடம் இது முறையிடப்பட்டது. தனியே உண்ணும் இரு சிறுவர்களுக்கும் அளித்த வாக்கைக் காப்பாற்றலாம், இனிமேல் அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்கக் கூடாது என்பது அவர் கூறிய வழி. இது எதிர்த்தரப்புக்கு நிறைவளிக்கவில்லை. அதே மாதங்களில் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள பொதுச்சாலையில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்காக அங்கே 1924 இல் சிறை சென்று திரும்பியவர் இராமசாமி. சாலைக்கு ஒரு நியதி, பள்ளிக்கு வேறொரு நியதி என்பதை அவர் ஏற்பார் என எதிர்பார்க்க இடமில்லை.

காங்கிரசுக் குழுவின் தீர்மானம்

1925 ஏப்ரலில் கூடிய தமிழ்நாடு காங்கிரசுக் குழுவில் எசு. இராமநாதன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டும் வழக்கத்தைத் தேசிய இயக்கத்தில் பங்குபெறும் அமைப்புகள் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். 19 வாக்குகள் ஆதரவாகவும் 7 எதிராகவும் பதிவாகித் தீர்மானம் நிறைவேறியது. இராசாசி, தி. சே. சௌ. இராசன், க. சந்தானம் உள்ளிட்டோர் குழுவிலிருந்து விலகினர். தீண்டாமையை எதிர்த்தவர்களே அவர்களும். ஆயினும், உடன் உண்ணுதல் போன்ற சமூகப் பழக்கத்தை வாக்கெடுப்பால் திணிப்பது தவறு என்று கருதினர்.

ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த சில வாரங்களில், 1925 சூன் தொடக்கத்தில், மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தபோது நீரில் தவறி விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று அவரும் மூழ்கி இறந்தார். அவருக்குப்பின் மகாதேவ ஐயர் பொறுப்பேற்றார். எனினும் குருகுலம் பழைய செல்வாக்கைப் பெறவில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில் இராமசாமி ஈரோட்டில் குடி அரசு இதழைத் தொடங்கியிருந்தார். நவம்பரில் திரு. வி. கலியாணசுந்தரனார் தலைமையில் காஞ்சிபுரத்தில் நடந்த மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமளிக்கப்படாததால் அவர் வெளியேறினார். அந்த வெளியேற்றத்துக்கு உடனடிக் காரணம் குருகுலம் அன்று. எனினும் பிற்காலத்தில் அவர் இரண்டையும் சேர்த்தே பேசினார்.

பிற்காலச் சட்டங்கள்

பொதுப்பணம் பெறும் இடத்தில் பிறப்பு வேற்றுமை கூடாது என்ற கொள்கை, 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பில் சட்ட வடிவம் பெற்றது. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்பது 28(1). அரசின் ஏற்பு அல்லது உதவி பெறும் நிலையத்தில் எவரையும் அவர் இசைவின்றிச் சமயப் போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்பது 28(3). சிறுவராயின் காப்பாளரின் இசைவு வேண்டும். அரசு உதவி பெறும் நிலையத்தில் சமயம், சாதி போன்றவற்றை மட்டும் காரணமாகக் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்பது 29(2). கிணறு, குளம், சாலை முதலியவை ஓரளவேனும் அரசுப் பணத்தில் பராமரிக்கப்பட்டால் அவற்றின் பயன்பாட்டில் வேற்றுமை கூடாது என்கிறது 15(2). "ஓரளவேனும்" என்னும் இந்த அளவுகோல், ரூ. 5,000 கொடுத்தவர்கள் 1925 இல் எழுப்பிய வாதத்தை ஒத்தது.

இப்பிரிவுகளின் பயன்பாடு ஒரே திசையில் செல்லவில்லை. 29(2) ஐ அடிப்படையாகக் கொண்டே செண்பகம் துரைராசன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் 1951 இல் செல்லாது என்றது. அதையடுத்து வந்த முதல் திருத்தம் 15(4) ஐச் சேர்த்தது.

தொடர்புடையோர்

தீர்மானத்தைக் கொண்டுவந்த எசு. இராமநாதன் சுயமரியாதை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார். பின்னர் காங்கிரசுக்குத் திரும்பி, 1937 இல் இராசாசியின் அமைச்சரவையிலேயே இடம்பெற்றார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தார். கோயில் நுழைவு உரிமைச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் 1947 இல் அவரது ஆட்சியில் இயற்றப்பட்டன. கோயில்களின் நிருவாகத்தை அரசுத் துறையின் கீழ்க் கொண்டுவரும் மசோதாவும் அவர் காலத்தில் முன்வைக்கப்பட்டு, 1951 இல் இந்து சமய அறநிலையச் சட்டமாயிற்று.