‘அன்லிமிடெட்’ இணையத்துக்கும் வரம்பு உண்டு: வேகம் திடீரெனக் குறைவது ஏன்?

புதுதில்லி: ‘அன்லிமிடெட்’ என்ற பெயரில் விற்கப்படும் வீட்டு பிராட்பேண்ட் திட்டங்கள் பலவற்றுக்கும் மாதாந்திர டேட்டா வரம்பு உண்டு. பெரும்பாலான குடும்பங்கள் அந்த வரம்பை உணர்வதில்லை. ஆனால், 4கே தொலைக்காட்சி, கண்காணிப்பு கேமராக்கள், வீட்டிலிருந்தே அலுவலகப் பணி என எப்போதும் இணையத்தைச் சார்ந்திருக்கும் வீடுகளில் மாதம் முடியும் முன்பே வேகம் சரிந்துவிடக் கூடும்.

வரம்பு எவ்வளவு?

ஜியோ ஃபைபர் 2019-இல் அறிமுகமானபோது, அதன் தொடக்கத் திட்டத்தின் அடிப்படை அளவு 100 ஜிபி மட்டுமே. 2020-இல் ஜியோவும் ஏர்டெலும் அன்லிமிடெட் திட்டங்களை அறிவித்தன. எனினும், ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்ற நிபந்தனை தொடர்ந்தது. ஃபைபர் இணைப்புகளில் மாதத்துக்கு சுமார் 3,300 ஜிபி என்பது பரவலான வரம்பு. கம்பியில்லா ஜியோ ஏர்ஃபைபரில் அது 1,000 ஜிபி. கோபுரத்தின் அலைக்கற்றைத் திறனை அப்பகுதிப் பயனாளர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்வதால், கம்பியில்லா இணைப்பில் கட்டுப்பாடு அதிகம்.

எங்கே கரைகிறது டேட்டா?

நாளொன்றுக்கு ஃபைபரில் 110 ஜிபி, ஏர்ஃபைபரில் 33 ஜிபி என்பது சராசரிப் பங்கு. நெட்ஃபிளிக்ஸில் 4கே காணொலிக்கு மணிக்கு 7 ஜிபி வரை செலவாகும். ஐந்து மணி நேரம் பார்த்தால் ஏர்ஃபைபரின் ஒரு நாள் பங்கு முடிந்துவிடும்.

பலரும் கவனிக்காதது பதிவேற்றம். பொதுவாக அதுவும் வரம்பில் சேரும். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் கிளவுடுக்குக் காட்சிகளை அனுப்பும் ஒரு கேமரா, மாதத்துக்கு சுமார் 650 ஜிபி எடுத்துக்கொள்ளும். நான்கு கேமராக்கள் இருந்தால் 2,600 ஜிபி போய்விடும். வீட்டில் உள்ள மற்ற அனைவருக்கும் மிஞ்சுவது 700 ஜிபி மட்டுமே.

வரம்பு முடிந்தால்?

கூடுதல் கட்டணம் வராது; வேகம் குறையும். நொடிக்கு 2 மெகாபிட்டாகக் குறைந்தால், 5 மெகாபிட் தேவைப்படும் முழு ஹெச்டி காணொலி தடைபடும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கும் 100 ஜிபி விளையாட்டுக்கு நான்கரை நாள்களுக்கு மேலாகும். ஒரே இணைப்பு என்பதால், ஒருவரது பயன்பாட்டின் விளைவு மற்றவரின் இணையவழி வகுப்பையும் அலுவலகக் கூட்டத்தையும் பாதிக்கும்.

விதிகள் சொல்வது என்ன?

டேட்டா வரம்பையும், அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கும் வேகத்தையும் நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2016 அக்டோபரில் உத்தரவிட்டது. பயன்பாடு 50 சதவீதத்தை எட்டும்போதும், வரம்பை நெருங்கும்போதும் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். வரம்புக்குப் பின்னரும் வேகம் 512 கேபிபிஎஸ்-க்குக் கீழ் செல்லக் கூடாது என்றும் அதில் கூறப்பட்டது. பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் என மத்திய அரசு 2023-இல் வரையறையை உயர்த்தியது.

என்ன செய்யலாம்?

நிறுவனத்தின் செயலியில் பயன்பாட்டை வாரந்தோறும் சரிபார்க்கலாம். கேமராக்களை அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்யுமாறு அமைக்கலாம். மெமரி கார்டிலும் சேமிக்கலாம். காணொலித் தரத்தை 4கே-யிலிருந்து ஹெச்டி-க்கு மாற்றினால் செலவு பாதிக்கும் கீழே குறையும்.

புதிய திட்டம் வாங்குவோர் வேகத்தை மட்டும் பார்ப்பது போதாது. 3,300 ஜிபி என்பது 100 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் மூன்று நாள்களிலும், 300 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரே நாளிலும் தீர்ந்துவிடக் கூடிய அளவு. எனவே, வரம்புக்குப் பின் கிடைக்கும் வேகம் எவ்வளவு என்பதையும் கேட்டறிந்த பிறகே திட்டத்தைத் தேர்வு செய்வது நல்லது.