உங்களுக்குத் தெரியுமா? பழைய ரசாயனம், புதிய பசை

சூப்பர் குளூவின் மூலப்பொருளான சயனோஅக்ரிலேட்டுக்கு அமெரிக்காவில் 1949-லேயே காப்புரிமை கொடுத்தாயிற்று. பெற்றவர் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் ஆலன் ஆர்டிஸ். அப்படியிருந்தும் அதே ரசாயனக் குடும்பத்தைப் பசையாக்கிய ஈஸ்ட்மன் கோடாக்கின் ஹாரி கூவருக்கு 1956-ல் தனிக் காப்புரிமை கிடைத்தது. எப்படி?

பொருள் புதியதா என்பதோடு சட்டம் நிற்பதில்லை. அன்றைய தேதியில், அத்துறையில் சராசரித் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு அந்த யோசனை தானாகவே தோன்றியிருக்குமா என்றும் கேட்கிறது. கூவரின் கதையைப் பாருங்கள். 1942-ல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்த ரசாயனம் அவர் கைக்கு வந்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கிவிட்டார். 1951-ல் சகா ஃபிரெட் ஜாய்னர் ஒளிவிலகல் எண்ணை அளக்க, விலையுயர்ந்த கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே அதைத் தடவினார். பட்டகங்கள் பிரியவே இல்லை! சூடாக்கவில்லை, அழுத்தவில்லை, பரப்பில் இருந்த துளி ஈரமே போதுமாக இருந்தது. அப்போதுதான் இதைப் பசையாக்கலாம் என்று கூவருக்குப் பொறி தட்டியது. துறை அறிந்த அவருக்கே முதலில் தோன்றாத யோசனை அது.

தற்செயலாகக் கண்டதற்கு உரிமையா என்று கேட்கலாம். கண்டுபிடித்த விதம் காப்புரிமைக்குத் தடையாகாது என 1952-ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மிக நியாயமான விதி இது. விடை தெரிந்தபின் எல்லாமே எளிதாகத் தோன்றும். அந்த மயக்கத்துக்கு ஆளாகாமலிருக்க, மற்றவர்கள் முயன்று தோற்றார்களா, நெடுநாள் தேவை தீர்ந்ததா, சந்தையில் வென்றதா என்பதையும் பார்க்கலாம் என 1966-ல் கிரஹாம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்திலும், துறைத் தேர்ச்சி உள்ளவருக்கு வெளிப்படையாகத் தெரியாததாக இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை.