அடுக்களைக் கலங்கள்

சமையலின் சுவை பொருள்களாலும் கைப்பழக்கத்தாலும் மட்டும் அமைவதன்று. சமைக்கும் கலத்தாலும் அமைவது. ஒரே புளியும் ஒரே பருப்பும் கொண்டு ஒருவரே ஆக்கிய குழம்பு, மண்சட்டியில் ஒரு சுவையும் அலுமினியக் கலத்தில் வேறொரு சுவையும் காட்டும். இதனைத் தமிழ்நாட்டுப் பெண்டிர் நெடுங்காலமாக அறிவர். சோற்றுக்கு வெண்கலப்பானை, புளிக்குழம்புக்குக் கல்சட்டி, இரசத்துக்கு ஈயச்சொம்பு, தோசைக்கு இரும்புக்கல் என்று அவர்கள் வகுத்த முறை வெறும் வழக்கமன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

கலங்களுள் மூத்தது மண்கலம். அதன் சுவர் முழுதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. ஆதலின், புதிய சட்டியை நீரில் ஊறவைத்தும், வடிகஞ்சியை ஊற்றிக் காய்ச்சியும் சில நாள் பழக்குவர். கஞ்சியின் பசை துளைகளை அடைக்க, சட்டி கசியாமல் நிற்கும். மண் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும். புளிப்போடு கலந்து வேறுபடுவதும் இல்லை. மண்சட்டி மீன்குழம்பு மறுநாள் மிகுசுவை பெறுவதாகச் சொல்வது வீண்புகழ்ச்சியன்று. மாக்கல்லைக் கடைந்து செய்யும் கல்சட்டியும் இவ்வியல்பினதே. அடுப்பினின்று இறக்கிய பின்னரும் அதிலுள்ள குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். அதனை அறிந்தவர், பதம் வருவதற்குச் சற்று முன்னரே இறக்கிவிடுவர்.

உலோகக் கலங்களுக்கு வரும்போது எச்சரிக்கை வேண்டும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. அதில் புளிச்சாறோ மோரோ நெடுநேரம் இருந்தால் பச்சை நிறமான களிம்பு தோன்றும். களிம்பேறிய உணவு வாந்தியையும் வயிற்று நோயையும் தரும். இதனைத் தடுக்கவே கலத்தின் உட்புறத்தில் ஈயம் பூசுவது வழக்கமாயிற்று. முன்னாளில் ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வருவர். மண்ணில் குழி தோண்டிக் கரியிட்டுத் துருத்தியால் ஊதி நெருப்பு வளர்ப்பர். கலம் நன்கு காய்ந்ததும் நவச்சாரப் பொடியைத் தூவுவர், வெண்புகை எழும். நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள மாசினை நீக்கும். உடனே ஈயத்துண்டினை உள்ளே இழைத்து, பஞ்சினால் விரைந்து துடைப்பர். கருத்துக் கிடந்த கலம் நொடிப்பொழுதில் வெள்ளி போல ஒளிரும். சிறுவர்கள் சூழ்ந்து நின்று பார்த்த காட்சி அது.

அந்த ஈயத்தாலேயே முழுதும் செய்யப்படுவது ஈயச்சொம்பு. அதில் வைத்த இரசத்திற்குத் தனி மணம் உண்டென்பர். ஆயினும் அதனைக் கையாள அறிவு வேண்டும். அவ்வுலோகம் 232 பாகை வெப்பத்தில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும் வரையில் வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்குமாதலின் சொம்புக்குக் கேடில்லை. நீர் ஊற்றாமல் வெறுஞ்சொம்பினை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பிய புதுமணப்பெண், திரும்பி வந்து பார்க்கையில் சொம்பினைக் காணாமல், அடுப்பில் உருண்டு கிடந்த ஈயக்குழம்பினைக் கண்டு திகைத்த கதை பல குடும்பங்களில் உண்டு.

இங்கே சொல்லொன்றால் நேரும் இடரினைக் குறித்தல் வேண்டும். ஈயம் என்னும் பெயர் தமிழில் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பூசுதற்கும் சொம்பு செய்தற்கும் உரியது வெள்ளீயமே. காரீயமோ நஞ்சு. விலை குறைவானதும் எளிதில் உருகுவதுமாகிய காரீயத்தை வெள்ளீயத்தோடு கலந்துவிட்டால், பார்த்த அளவில் வேறுபாடு தெரியாது. புளிப்பும் சூடும் சேரும்போது அது சிறிது சிறிதாக உணவில் கரையும். கரைந்தது உடனே நோய் செய்யாமையால் எவரும் ஐயுறுவதில்லை. அது எலும்பில் தங்கி, ஆண்டுக்கணக்கில் உடம்பை வாட்டும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். குருதியில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று வரையறுக்கத்தக்க அளவே இல்லை என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் முடிபு. ஆகவே, ஈயச்சொம்பு வாங்குவோர் அது தூய வெள்ளீயந்தானா என்று ஆய்ந்த சான்றினைக் கேட்டு வாங்குதல் வேண்டும். அஃது இல்லையாயின் துருப்பிடிக்காத எஃகுக் கலத்தில் இரசம் வைப்பதே நன்று. மணம் சற்றுக் குறையலாம், குறைந்தால் குறையட்டும்.

இரும்பின் இயல்பு வேறு. எண்ணெய் தடவித் தடவிக் காய்ச்சிய தோசைக்கல்லில் எண்ணெயே வழவழப்பான ஒரு படலமாக இறுகிவிடும். அதனைச் சாம்பலிட்டுத் தேய்த்தால் அடுத்த நாள் தோசை எழும்பாது. இரும்புச்சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் இரும்புச்சத்து உணவில் கலக்கும். இது களிம்பு போன்ற தீங்கன்று. குருதிச்சோகை உடையோர்க்கு நன்மையே. ஆனால், ஆக்கிய குழம்பினை அதிலேயே விட்டுவைத்தால் கருத்துச் சுவை கெடும்.

ஆவியின் அழுத்தத்தால் சமைக்கும் குக்கர், பிரெஞ்சு அறிஞர் தெனி பாப்பன் 1679-ஆம் ஆண்டில் இலண்டனில் செய்து காட்டிய கலத்தின் வழிவந்தது. மூடிய கலத்தில் ஆவி அடைபட, நீர் ஏறத்தாழ 120 பாகையில் கொதிக்கும். பருப்பு விரைவில் வேகும். உதகமண்டலம் போன்ற மலைநகரங்களில் திறந்த கலத்து நீர் 93 பாகைக்கும் குறைவிலேயே கொதித்துவிடுவதால், அங்கு இக்கலத்தின் அருமை மிகுதி. பருப்பினைப் பாதிக்குமேல் நிரப்பினால் நுரை பொங்கி ஆவி செல்லும் துளையை அடைத்துவிடும். ஆவி அடங்குமுன் மூடியை வலிந்து திறத்தலும் தீது.

கலங்களைப் பற்றிச் சொன்னால், கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மதுரைப் புறநகரில் ஆயர் மனையில் கண்ணகி கோவலனுக்குச் சமைத்தபோது, காய் அரிந்த அவள் விரல்கள் சிவந்தன எனச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அரிதலுக்கே அவ்வாறாயின் அரைத்தலுக்கு என் சொல்வது! இட்டலிக்கு மாவரைக்க, ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து ஒரு கையால் குழவியைச் சுழற்றி, மறு கையால் மாவினைத் தள்ளிக்கொண்டே ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்தவர் நம் தாய்மார். 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த சபாபதி என்பவர் மின்விசையால் இயங்கும் மாவரைக்கும் பொறியை உருவாக்கினார். நாளடைவில் அத்தொழில் அந்நகரில் வேரூன்றி, கோயம்புத்தூர் மாவரைக்கும் பொறி புவிசார் குறியீடும் பெற்றது. கத்தி விரைந்து சுழலும் மிக்சியில் உளுந்து சூடேறிவிடும். கல்லோ மெல்லச் சுழன்று, காற்றினையும் சேர்த்து மாவினைப் பொங்க அரைக்கும். ஆதலின் பொறியிலும் கல்லையே வைத்தனர். பழைய ஆட்டுக்கல்லில் கல் அசையாது நிற்கக் குழவி சுழலும். பொறியிலோ குழவி நின்ற இடத்தில் நிற்க, அடிக்கல் பதித்த கலம் சுழல்கிறது. மாவினைத் தள்ளிவிடும் வேலையை, ஓரத்தில் பொருத்திய ஒரு சிறு பலகை செய்கிறது.