உங்களுக்குத் தெரியுமா? காலடியில் சுருங்கும் கல்

● ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் அலை வந்து திரும்பியதும், ஈரமணலில் காலை அழுத்தி வையுங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்து, காய்ந்ததுபோல் ஆகும். நெருக்கமாக அடுக்கியிருந்த மணிகள் மிதிபட்டதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. இடுக்குகள் பெரிதாகின்றன, மேலே நின்ற நீர் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆக, மிதித்தால் மணல் விரிகிறது! 1885-ல் இதை விளக்கியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இதே மணலின் குணம் வேறு.

● அந்த ஆழத்து மணலை நம்பித்தான் வழுதூர் மின்நிலையம் நிற்கிறது. 2003-ல் அதன் முதல் பிரிவு 95 மெகாவாட் திறனுடன் வந்தது. எரிபொருள், ஓ.என்.ஜி.சி. இந்த மாவட்டத்துக் கிணறுகளில் எடுக்கும் கேஸ். "பாதாளத்தில் கேஸ் ஏரி மாதிரி கிடக்குமாம்" என்று பலர் நினைப்பது தவறு. ஆற்று மணலில் ஊற்று தோண்டினால் நீர் கசிகிறதே, அப்படித்தான்: மணற்கல்லில் மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் அது அடைபட்டிருக்கிறது. டைனோசர் காலத்து அந்த அடுக்குகளுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர்கள் புவனகிரி, நன்னிலம். மேலே ராமநாதபுரம், கீழே நன்னிலம்!

● கோயில் பல்லக்கைத் தூக்குபவர்களில் ஒருவர் தோளை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சுமை குறையாது, மற்றவர் தோளில் ஏறும். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 460 கிலோ. இடுக்கில் இருக்கும் நீரோ வாயுவோ அதில் 200 கிலோ அளவுக்குத் தாங்குகிறது, மிச்சம் 260 மணல்மணிகளின் பங்கு. கேஸை எடுத்து உள்ளழுத்தத்தை 100 குறைத்தால் மணிகள் 360 சுமக்க வேண்டும். மேலே ஒரு கூடை மண்கூடச் சேரவில்லை, ஆனாலும் கல் நசுங்குகிறது. இந்தக் கணக்குக்கு இலக்கணம் வகுத்தவர் கார்ல் டெர்சாகி, 1920-களில்.

● முதலில் கல் ரப்பர்போல் சிறிது சுருங்கும். அழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிமிர்ந்துகொள்ளும். அதற்கும் மேலே போனால் மணிகள் நழுவும், அவற்றை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பு உடையும், கடைசியில் மணிகளே நொறுங்கும். பொடி இடுக்கை அடைத்துவிடும். பிறகு எவ்வளவு நீரை உள்ளே செலுத்தினாலும் பழைய உருவம் வராது. பிணைப்பு விட்ட மணல் கேஸோடு கிளம்பி வந்து குழாயையும் வால்வையும் அரிக்கும் தொல்லை தனி.

● ஆழத்தில் கல் சுருங்கினால் மேலே தரையும் இறங்கும். அமெரிக்காவின் லாங் பீச் நகரில் வில்மிங்டன் எண்ணெய் வயலுக்கு மேலே தரை சுமார் 9 மீட்டர் இறங்கியது. மூன்று மாடி உயரம்! துறைமுகத்தைக் காக்கக் கரை எழுப்பினார்கள், நிலத்தடியில் கிணற்றுக் குழாய்கள் வெட்டுப்பட்டன. 1958 முதல் பெரிய அளவில் நீரைச் செலுத்திய பிறகே இறக்கம் நின்றது. இறங்கிய தரையில் மேலே வந்தது கொஞ்சம்தான்.

● டெக்சாஸின் கூஸ் கிரீக்கில் 1920-களில் எண்ணெய் எடுத்த நிலம் தாழ்ந்து நீரில் மூழ்கியது. நீருக்கடியில் போன நிலம் அரசுக்குச் சொந்தம் என்றது மாநிலம். "இது இயற்கையின் வேலை இல்லை, நாங்கள் எண்ணெய் எடுத்ததால் இறங்கியது" என்று வாதாடி நிறுவனத்தார் வென்றார்கள். செய்த சேதமே சொத்தைக் காப்பாற்றிய வினோத வழக்கு.

● நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1963 முதல் கேஸ் எடுத்தார்கள். சுமார் மூன்று கிலோமீட்டர் ஆழத்து மணற்கல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் சுருங்கவில்லை. பிளவுகள் நழுவி நில அதிர்வுகள் வந்தன. 2012-ல் ஹுய்சிங்கவில் 3.6 அளவு. வீட்டுச் சுவர்களெல்லாம் விரிசல். 2023 அக்டோபரில் எடுப்பதை நிறுத்தினார்கள்.

● அப்படியானால் நம் ஊரும் இறங்குமா? நன்றாக இறுகிய மணற்கல், அழுத்தம் ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு சுருங்கும். 20 மீட்டர் தடிமனான அடுக்கில் 100 கிலோ குறைந்தால் இரண்டு சென்டிமீட்டர். குரோனிங்கனில் அடுக்கு பல இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் தடிமன், அங்கே தரை 30 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். "ஊரே மூழ்கப்போகிறது" என்ற பயமுறுத்தல் மிகை. "ஒன்றுமே ஆகாது" என்பதையும் நான் ஒப்பமாட்டேன். தட்டையான, கடல்மட்டத்தை ஒட்டிய கரையில் ஓரிரு சென்டிமீட்டரும் கணக்குதான்.

● தனுஷ்கோடியின் தென்பகுதி 1948-49-ல் ஏறத்தாழ 5 மீட்டர் இறங்கியதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை சொல்கிறது. ஊரை அழித்த 1964 புயலுக்கு முன்பே! கேஸ் எடுக்காத காலம் அது, நிலம் செங்குத்தாக நகர்ந்ததே காரணம். இந்த இறக்கத்தையும் கேஸ் எடுப்பதால் வரும் இறக்கத்தையும் குழப்பிப் பேசுபவர்கள் உண்டு.

● ராமேசுவரத் தீவின் மணலில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதை அதிகமாக இறைத்தால் மணல் பெரிதாகச் சுருங்காது, காலியான இடுக்குக்கு உப்புநீர் ஏறிவரும். நல்ல நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்பு எல்லை காலப்போக்கில் 40 மீட்டர்வரை உயரக்கூடும்.

● புதிய கேஸ் கிணறுகளைத் தடுத்துக் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கும் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ராமநாதபுரம் மாவட்டம் இல்லை. இங்கே 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி என்று 2025-ல் செய்தி வந்தது. எதிர்ப்பு எழவே, அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. திரும்பவும் பேச்சு எழுந்தால் உங்கள் கிராமசபையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "தோண்டுவதற்கு முன் எங்கள் ஊர்த் தரைமட்டத்தை அளந்து குறித்து வைத்தீர்களா?"