தறியின் முழக்கமும் செவியின் காவலும்

பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் நடப்பவருக்கு அவ்வூரின் தொழில் இன்னதென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்துள்ள அவ்வூரில், விசைத்தறிகளின் ஓசையே விருந்தினரை முதலில் வரவேற்கும். பல இல்லங்களில் தறிக்கூடமும் குடியிருப்பும் ஒரே சுவருக்கு இரு புறத்தில் உள்ளன. அவ்வோசை ஓயாமல் கேட்டால் ஊரில் அடுப்பெரிகிறது என்று பொருள். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த விலையைத் தறிகாரர் தம் செவியால் செலுத்துகிறார்.

ஓசையை அளக்கும் அலகுக்கு டெசிபெல் என்று பெயர். நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்பதற்கு 85 டெசிபெல்லே எல்லை என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. இதன் கணக்கு சற்று விசித்திரமானது. மூன்று டெசிபெல் கூடினால் ஓசையின் வலிமை இரட்டிப்பாகும்; ஆகவே தாங்கக்கூடிய நேரம் பாதியாகும். 88 டெசிபெல் என்றால் நான்கு மணி. 94 என்றால் ஒரு மணி. 100 என்றால் கால் மணிதான்! ஓடத்தறிகள் நெருங்கி நிற்கும் கூடங்களில் ஓசை 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். 100-ஐ எட்டுவதும் உண்டு. அங்கே மனிதர் நிற்பதோ எட்டு மணியும் அதற்கு மேலும்.

உட்செவியில் ஏறத்தாழ 15,000 நுண்ணிய உணர்வணுக்கள் இருக்கின்றன. மாண்டவை மீண்டும் முளைப்பதில்லை. கூரிய ஒலிகளை உணர்பவையே முதலில் அழிகின்றன. அதனால் எதிரில் இருப்பவரின் குரல் கேட்கும், சொல் விளங்காது. வீட்டார், 'காதில் வாங்கிக்கொள்வதே இல்லை' என்று மனஸ்தாபப்படுவார்கள். வலியின்றி, இரத்தமின்றி வரும் ஊனமாதலால் அதை ஊனமென்று அறிவதற்கே பல ஆண்டுகள் செல்கின்றன.

இஃது இன்று தோன்றிய துன்பமன்று. வெனிஸ் நகரத்துச் செப்புக் கன்னார்கள் செவிடாவதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ராமஸ்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர் எழுதிவைத்தார். நம் கைத்தறியை நசுக்கிய லங்காஷயர் ஆலைகளிலே, நெசவுப் பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசக் கற்றுக்கொண்டார்கள். துணியால் நம்மை வென்ற தேசம், தன் தொழிலாளரின் செவியை அதற்குப் பலி கொடுத்திருந்தது.

'காதடைப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததே' என்று நேயர்கள் கேட்கலாம். விஷயம் அவ்வளவு எளிதன்று. பஞ்சுபோன்ற அடைப்பானை உருட்டி, காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரையில் பிடித்திருக்க வேண்டும். அவசரமாகத் திணித்தால் பெட்டியின் மேல் அச்சிட்ட பாதுகாப்பில் பாதிகூடக் கிட்டாது. இன்னொரு கணக்கையும் பாருங்கள். 30 டெசிபெல் தடுக்கும் சாதனத்தை எட்டு மணி வேலையில் அரை மணி மாத்திரம் கழற்றி வைத்தால், அன்றைய மொத்தப் பாதுகாப்பு 12 டெசிபெல்லாகக் குறைந்துவிடும். ஏரிக்கரை முழுதும் வலுவாயிருந்து ஒரு முழம் உடைந்த கதைதான்!

இந்த உடைப்பைக் கண்டுபிடிக்கவே உணரிகள், அதாவது சென்சார்கள், வந்திருக்கின்றன. செவிக்காப்பின் வெளியே ஒரு சிறு ஒலிவாங்கி, உள்ளே ஒன்று. இரண்டும் அளக்கும் ஓசையின் வேற்றுமையே அந்த மனிதருக்கு உண்மையில் கிடைக்கும் காப்பு. சட்டையில் செருகும் வேறொரு கருவி, நாள் முழுதும் செவியருகே வந்த ஓசையைக் கூட்டி வைக்கிறது. 'இயந்திரக் கற்றல்' என்பது இதற்கு அடுத்த படி. ஆயிரக்கணக்கான ஒலிகளையும் படங்களையும் காட்டி, 'இது சரி, இது பிழை' என்று கணிப்பொறிக்குப் பயிற்சியளிக்கிறார்கள். பிறகு புதியதொன்றைக் கண்டால் அதுவே இனம் பிரிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த டிடெக்ட் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி, ஆலைகளின் காமிராப் படங்களிலிருந்து தலைக்கவசம் முதலியன அணியாதவரைக் கண்டறியும் முறையை உருவாக்கியிருக்கிறது. இதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி இரும்பாலைகள் போன்ற இடங்களுக்கு இது தக்க உபாயம். ஆனால் காதுறை தலையில் இருப்பதைத்தான் காமிரா காணும். அது செவியில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை உள்ளிருக்கும் ஒலிவாங்கியே சொல்லும்.

இவ்விடத்தில் ஒரு பழைய எச்சரிக்கையை நினைவுகூர்தல் நலம். 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளருக்காகக் காவல் விளக்கொன்றைச் செய்தார். தீப்பற்றும் வாயு சூழ்ந்தால் அதன் சுடர் மாறிக் காட்டும். ஆதலின் அதையும் ஓர் உணரி எனலாம். ஆனால் எதிர்பார்த்தபடி மரணங்கள் குறையவில்லை. விளக்கு இருக்கிறதென்ற தைரியத்தில், முன்பு அஞ்சி ஒதுக்கிய ஆழங்களுக்கும் ஆட்களை இறக்கினார்கள். கருவி காவலனாக வந்து, ஆபத்துக்கு அனுமதிச் சீட்டாக முடிந்தது.

செவிக்காப்பிலும் அது நேரக் கூடாது. உணரி, 'இவர் அரை மணி கழற்றினார்' என்று சொன்னதும் கூலியைப் பிடிக்க முற்பட்டால், மறுநாள் தொழிலாளி கருவியை ஏமாற்றக் கற்றுக்கொள்வார். ஏன் கழற்றினார் என்பதன்றோ கேள்வி? தகரக் கூரையின் கீழ் வியர்வை தாங்கவில்லையா? இழை அறுந்ததைத் தறியின் ஓசையாலேயே அறிகிறவருக்கு அந்த ஓசை எட்டவில்லையா? பேரோசையை மட்டும் தடுத்து மெல்லொலியை விடும் காதுறைகளும் இன்று இருக்கின்றன. காரணம் தெரிந்தால் பரிகாரம் உண்டு.

அதிலும் முதற் பரிகாரம் செவியில் அல்ல, தறியில் செய்ய வேண்டியது. தேய்ந்த உறுப்பும் தளர்ந்த திருகும் ஓசையைப் பெருக்கும். தறியின் நல்ல ஒலியைப் பழகிய கணிப்பொறி, இன்ன தறி பழுதாகிறது என்று முன்னதாகவே கூற இயலும். அளவுகருவி வாங்குவது சிறு கூடத்துக்குச் சுமைதான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி முறைவைத்து அளந்தால் எவர்க்கும் பாரமில்லை. கூடிச் செய்வது நெசவாளருக்குப் புதிதுமன்று.

அளந்த கணக்கு முதலாளியின் மேஜையில் மாத்திரம் இராமல், தறிகாரர் கையிலும் இருக்க வேண்டும். செவி அவருடையது, அதன் கணக்கும் அவருக்கே முதலில் உரியது.