ஜி. பத்மநாபனின் மலேரியா ஒட்டுண்ணி ஆய்வு

கோவிந்தராஜன் பத்மநாபன் (பிறப்பு: 20 மார்ச் 1938, சென்னை) மலேரியா ஒட்டுண்ணியின் உயிர்வேதியியலை ஆராய்ந்த இந்திய அறிவியலாளர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியலும் புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண் வேதியியலும் படித்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1966-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1994 முதல் 1998 வரை அதன் இயக்குநராகவும் இருந்தார். காவிரிப் படுகையில், திருவாரூரில் அமைந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் பொறுப்பு வகித்தவர்.

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம், இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து அங்குள்ள ஹீமோகுளோபினைச் செரித்து வளர்கிறது. அப்போது வெளிப்படும் ஹீம் என்னும் இரும்பு கொண்ட மூலக்கூறு அதற்கே நஞ்சு. ஆகவே அதைப் படிகமாக்கி ஒதுக்கிவிடுகிறது. குளோரோகுயின் மருந்து இந்தப் படிகமாக்கலைத் தடுத்தே ஒட்டுண்ணியைக் கொல்கிறது.

இவ்வளவு ஹீம் குவிந்து கிடக்கும்போதும், ஒட்டுண்ணி தனக்கென்று ஹீமைப் புதிதாகத் தயாரிக்கிறது என்று 1992-இல் நமிதா சுரோலியாவும் பத்மநாபனும் காட்டினர். நெற்களஞ்சியத்துக்குள் குடியிருப்பவன் தனியாக நாற்று நட்டதைப் போன்ற விந்தை இது! அதற்கு வேண்டிய நொதிகளில் ஒன்றைச் சிவப்பணுவிடமிருந்தே அது எடுத்துக்கொள்கிறது என்று 2000-இல் இக்குழு கண்டது. குளோரோகுயினுக்குப் பணியாத ஒட்டுண்ணிகள் பெருகியிருந்த காலம் அது. அந்த நொதியின் வரவைத் தடுத்தால் புதிய மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது.

இதற்கிடையே மஞ்சளில் உள்ள குர்குமினையும் இக்குழு சோதித்தது. ஆர்ட்டீத்தர் ஊசி ஒன்றுடன் குர்குமினை வாய்வழியாகச் சில தவணை கொடுத்தபோது, எலிகளில் நோய் மீண்டும் தலைதூக்கவில்லை (2006). சமையலில் மஞ்சள் சேர்த்தால் மலேரியா அணுகாது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. உண்ணும் குர்குமின் மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது.

ஹீம் பற்றிய கருத்துக்குக் கடுமையான சோதனையை நடத்தியதும் இதே ஆய்வகம்தான். எலி மலேரியா ஒட்டுண்ணியில் ஹீம் தயாரிப்புக்கான மரபணுக்களை நீக்கிப் பார்த்தனர். 2013-இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது: இரத்தத்தில் ஒட்டுண்ணி சாகவில்லை, எலியின் ஹீமைக் கொண்டே சமாளித்துக்கொண்டது. ஆனால் அனாபிலிஸ் கொசுவின் உடலிலும் கல்லீரலிலும் அதன் வளர்ச்சி தடைப்பட்டது. அங்கே கடன் வாங்க ஹீமோகுளோபின் கிடைப்பதில்லை. எனவே இந்தப் பாதையைத் தாக்கும் மருந்து காய்ச்சல் கண்டவரைக் குணப்படுத்துவதைவிட, நோய் தொற்றாமலும் கொசு வழியே பரவாமலும் தடுக்கவே கூடுதலாக உதவும்.